பக்கத்து வீட்டுப் பூனையால் சேதமா? ஸ்டேஷன் படியேறாமல் தீர்ப்பது எப்படி

பெங்களூருவில் ஒரு வீட்டுப் பூனையின் விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பூனை காணாமல் போனது. பக்கத்து வீட்டுக்காரர்தான் அதைப் பிடித்து அடைத்து வைத்திருக்கிறார் என்று வளர்த்தவர் புகார் கொடுத்தார். போலீஸ் குற்றப்பத்திரிகையும் தாக்கல் செய்தது. பூனை ஜன்னல் வழியாக வருவதும் போவதும் அதன் இயல்பு என்று எதிர்த்தரப்பு வாதாடியது. 2024 ஜூலையில் நீதிபதி எம். நாகபிரசன்னா விசாரணைக்கு இடைக்காலத் தடை விதித்தார். அந்த ஆண்டு டிசம்பரில் வழக்கு ரத்தானது.

அந்த வழக்கில் சேர்க்கப்பட்டிருந்த பிரிவுகளைப் பாருங்கள்: இந்திய தண்டனைச் சட்டத்தின் 504, 506, 509. வேண்டுமென்றே அவமதித்தல், மிரட்டல், பெண்ணின் கண்ணியத்தைக் குலைக்கும் சொல் அல்லது செய்கை. மூன்றும் மனிதர்களின் வாயையும் கையையும் பற்றியவை. பூனைத் தகராறு ஸ்டேஷனுக்குப் போவது பெரும்பாலும் இந்த வழியில்தான். குடியிருப்புச் சங்க வேலைகளில் நான் பார்த்த வரையில், கீறலுக்கான செலவு ஒரு வாரத்தில் மறந்துபோகும். முதல் நாள் வாசலில் நின்று சொன்ன வார்த்தை வருஷக்கணக்கில் நிற்கும். ஆகவே இந்த வழிகாட்டியில் பேச்சுக்குத்தான் அதிக இடம்.

1. அன்றே படம் எடுங்கள்

துடைக்கும் முன், கழுவும் முன், தைக்கும் முன். தூரத்திலிருந்து ஒன்று, அருகிலிருந்து ஒன்று. சிசிடிவி இருந்தால் இரண்டு நாளுக்குள் கேட்டு வாங்குங்கள். தள்ளிப்போட்டால் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும்.

2. செய்தது பூனைதானா, அந்தப் பூனைதானா?

இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். பெங்களூருவில் கூரையில் நடமாடுவது பூனை மட்டும் அல்ல. ஓடு நகர்ந்திருந்தாலோ, ராத்திரியில் ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஓடும் சத்தம் கேட்டாலோ அது மரநாயாக இருக்கலாம். இந்த ஊரின் பழைய தோட்டப் பகுதிகளில் மரநாய் இன்னும் உண்டு. எச்சத்தைப் பாருங்கள். பூனை பெரும்பாலும் மண்ணைத் தோண்டி மூடும். மரநாய் திறந்த இடத்தில், பழக்கொட்டைகளோடு விட்டுப் போகும். தொட்டியோரம் ஆழமான வளை இருந்தால் பெருச்சாளி. பட்டப்பகலில் வலை கிழிந்து, வாழைப்பழமும் காணாமல் போயிருந்தால் குரங்கு.

பூனைதான் என்று தெரிந்த பிறகும், யாருடைய பூனை? சாம்பல் வரிப்பூனை தெருவுக்கு நாலு இருக்கும். ஒரு காதின் நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால் அது கருத்தடை செய்து விடப்பட்ட தெருப்பூனையாக இருக்க வாய்ப்பு அதிகம். கழுத்துப்பட்டை, வால் வளைவு, முகத்தில் உள்ள மச்சம் என்று ஏதாவது ஓர் அடையாளம் படத்திலோ பதிவிலோ தெரியவேண்டும். அது இல்லாமல் யார் வீட்டுக் கதவையும் தட்டக்கூடாது.

3. தொகையை முதலில் முடிவு செய்யுங்கள்

கார் பானட்டில் பூனை ஏறுவது எஞ்சின் சூட்டுக்காக. தூசியில் பாதம் பதிந்திருப்பதையெல்லாம் கீறல் என்று சொல்லாதீர்கள், முதலில் கழுவுங்கள். பிறகு கோட்டின் குறுக்கே விரல் நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டாவிட்டால் மேல்பூச்சில் மட்டும்தான் கீறல், பாலிஷ் போட்டால் போய்விடும். நகம் மாட்டினால் பெயின்ட் வேலை. மெக்கானிக்கிடம் தொகையை எழுதி வாங்குங்கள்.

சின்னக் கீறலுக்கு இன்சூரன்ஸ் பக்கம் போகாதீர்கள். கிளெய்ம் எடுக்காமல் இருந்ததற்கான போனஸ் முதல் ஆண்டில் 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை வளரும். ஒரே கிளெய்மில் அது போய்விடும். அதோடு 1500 சிசி வரையுள்ள கார்களுக்கு முதல் 1000 ரூபாய் எப்படியும் உங்கள் கையிலிருந்துதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் பாலிஷ் செலவே குறைவாக இருக்கும்.

பத்து வருஷ சோபாவுக்குப் புது சோபாவின் விலையைக் கேட்கக்கூடாது. முதல் முறை என்றால் பழுதுச் செலவில் பாதி மட்டும் கேளுங்கள். இது சட்டம் இல்லை, என் விதி. பாதி கேட்பவரிடம் யாரும் சண்டைக்கு வந்து நான் பார்த்ததில்லை.

4. முதல் பேச்சு

எல்லாம் கெட்டுப்போவது இங்கேதான்.

முதலில் செய்யக்கூடாதவை. குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போடாதீர்கள். நூறு பேர் முன்னால் பதில் சொல்ல வேண்டிய நிலைக்கு ஒருவரைத் தள்ளினால், தப்பு அவருடையது என்று தெரிந்தாலும் அவரால் ஒப்புக்கொள்ள முடியாது. வாட்ச்மேனிடம் சொல்லி அனுப்பாதீர்கள். காலை எட்டு மணிக்கு, பிள்ளைகளை ஸ்கூல் பஸ்ஸுக்கு அனுப்பும் நேரத்தில் போகாதீர்கள். கணவர், மச்சினர், மேல்வீட்டுக்காரர் என்று கும்பலாகவும் போகாதீர்கள். ஒருவர் போனால் போதும்.

மிக முக்கியமாக, பூனை வளர்ப்பவர் வாடகைக்கு இருப்பவர் என்றால் முதலில் ஹவுஸ் ஓனருக்குப் போன் போடாதீர்கள். பெங்களூருவில் வாடகைக்கு இருப்பவர்களின் பயம் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். மாதக்கணக்கான வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டு, பிராணி வளர்க்கச் சம்மதிக்கும் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து வந்திருப்பார்கள். “எங்க பூனை வெளியவே போகாது” என்று ஒருவர் பொய் சொன்னால், பல நேரம் அதற்குப் பின்னால் இருப்பது திமிர் அல்ல. வீடு போய்விடுமோ என்ற பயம். அந்தப் பயத்தை எடுத்துவிட்டால் உண்மை தானாக வரும்.

இனி எப்படிப் பேசுவது? சாயங்காலம், சாப்பாட்டுக்கு முன். கையில் போன், போனில் படம். மூன்றே விஷயம்: என்ன நடந்தது, எவ்வளவு ஆகும், இனி நடக்காமல் என்ன செய்யலாம். இப்படி:

“அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமா? நேத்து ராத்திரி உங்க பூனை எங்க பால்கனி வலையைக் கிழிச்சிடுச்சு. படம் இருக்கு, பாருங்க. வலைக்காரர் ஆயிரத்து இருநூறு கேக்கறார். நீங்க பாதி குடுத்தா போதும். அது வர்ற வழியை ரெண்டு பேருமா பாத்து அடைச்சிடலாம். ஹவுஸ் ஓனர்கிட்ட எல்லாம் நான் சொல்லப்போறதில்ல.”

கன்னடம் பேசுகிறவர் வீடு என்றால் கன்னடத்திலேயே ஆரம்பியுங்கள். “ஸ்வல்ப மாத்தாடபேக்கு” என்று தொடங்கி, பாதி கன்னடம் பாதி ஆங்கிலமாக முடித்தாலும் பரவாயில்லை. கோபத்தில் தமிழுக்குத் தாவாதீர்கள். பூனை விவகாரம் மொழி விவகாரமாக மாறினால் அதை எந்தச் சங்கத்தாலும் தீர்க்க முடியாது.

மூன்று வகைப் பேச்சு எந்த மொழியிலும் வாயில் வரக்கூடாது. ஒன்று, “இனி வந்தா கொன்னுடுவேன்.” சொன்ன தொனியைப் பொறுத்து அது, பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவில் மிரட்டலாகிவிடும். பிறகு பூனை எதேச்சையாகச் செத்தாலும் விரல் உங்களை நோக்கித்தான் நீளும். இரண்டு, வளர்ப்பவரின் குடும்பத்தையோ சாதியையோ இழுக்கும் எந்தச் சொல்லும். மூன்று, தனியாக வசிக்கும் பெண்ணிடம் அவர் வாழ்க்கை முறையைப் பற்றிய விமர்சனம். பழைய 504, 506, 509 பிரிவுகள் புதிய சட்டத்தில் 352, 351, 79 என்று எண் மாறி அப்படியே இருக்கின்றன.

பூனை வளர்ப்பவருக்கும் ஒரு வார்த்தை. “எங்க பூனை அப்படிப் பண்ணாது” என்று தொடங்காதீர்கள். அது ராத்திரி எங்கே போகிறது என்று உங்களுக்கு முழுக்கத் தெரியாது. “படத்தை எனக்கு அனுப்புங்க, நாளைக்குச் சாயந்தரம் நானே வந்து பேசறேன்” என்று சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்குப் போங்கள். இந்த ஒரு மரியாதையில் முக்கால்வாசித் தகராறு அடங்கிவிடும்.

5. பேசியதை எழுதுங்கள்

அன்றிரவே தனிச் செய்தியாக நாலு வரி: தேதி, சேதம், ஒப்புக்கொண்ட தொகை, யார் என்ன செய்வதாகச் சொன்னார்கள். “சரி” என்று ஒரு பதில் வந்தால் போதும். பின்னால் விவகாரம் வளர்ந்தால், தன் பூனை சேதம் செய்கிறது என்பது வளர்ப்பவருக்குத் தெரியும் என்பதற்கு இதுதான் ஆதாரம். தெரிந்தும் கவனிக்காமல் விட்டார் என்று காட்ட முடிந்தால்தான் அலட்சியம் என்ற வாதம் நிற்கும்.

6. மறுபடி வராமல் தடுப்பது

வளர்ப்பவர் செய்ய வேண்டியது: முதலில் கருத்தடை. ஐந்து, ஆறு மாதத்தில் செய்துவிடலாம். கடுவன் பூனை சுவரிலும் செருப்பிலும் மூத்திரம் பீய்ச்சுவதும், ஊர் சுற்றுவதும், ராத்திரிச் சண்டையும் அதற்குப் பிறகு பெரும்பாலும் குறைந்துவிடும். செலவு இடித்தால் ஹெப்பாளில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். வீட்டில் பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக மண்பெட்டி வையுங்கள். பெட்டி அழுக்கானால் பூனை பக்கத்து வீட்டுத் துளசித் தொட்டியைத் தேடிப் போகும். கதவோரம் தென்னங்கயிறு சுற்றிய கட்டை ஒன்று, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நகவெட்டு, பால்கனிக்கு வலை.

சேதப்பட்டவர் செய்ய வேண்டியது: தொட்டி மண்ணின்மேல் கோழிவலையை வெட்டிப் போடுங்கள் அல்லது கூழாங்கல் பரப்புங்கள். மண் புரண்டு கொடுக்காத இடத்தில் பூனை உட்காராது. காருக்கு உறை. மூத்திர நாற்றத்துக்கு என்சைம் கிளீனர் மட்டும்தான்; சோப்புத் தண்ணீரில் யூரிக் அமிலம் முழுக்கப் போகாது. அமோனியா கலந்த கிளீனர் வேண்டவே வேண்டாம். அந்த வாசனையைத் தன்னுடையது என்று நினைத்துப் பூனை அங்கேயே திரும்ப வரும்.

பினாயிலும் பாச்சை உருண்டையும் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இரண்டுமே பூனைக்கு விஷம். பினாயில் பட்ட பாதத்தை நக்கினாலே அதன் உடம்பு தாங்காது. எலிமருந்து வைப்பதும் சாக்கில் கட்டி ஏரிக்கரையில் விட்டு வருவதும் குற்றங்கள். பிராணியைக் கொன்றாலோ, விஷம் வைத்தாலோ, முடமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை தண்டனை உண்டு. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960 தனி. ஆயிரம் ரூபாய் வலைக்காக ஒரு உயிரை எடுக்க நினைப்பது சட்டத்துக்கு முன்பே மனசாட்சிக்கு ஆகாது.

பூனை பிறாண்டியிருந்தாலோ கடித்திருந்தாலோ பேச்சு, தொகை எல்லாம் அப்புறம். 15 நிமிஷம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரி. ரேபிஸ் தடுப்பூசி வேண்டுமா என்று டாக்டர் சொல்லட்டும்.

7. இத்தனைக்கும் அடங்கவில்லை என்றால்

அடுத்த படி சங்கம். பிராணியே வளர்க்கக்கூடாது என்று தீர்மானம் போடச் சொல்லாதீர்கள். செல்லப்பிராணிக்குப் பெரும்பான்மை வாக்கால்கூடத் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அது நாய்களை முன்வைத்து எழுதப்பட்டது என்றாலும் பூனைக்கு மட்டும் தடை கேட்டால் எடுபடாது. இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். பொது இடத்தை அசுத்தம் செய்தால் வளர்ப்பவர் சுத்தம் செய்ய வேண்டும் என்ற அளவில் ஒரு விதி கேளுங்கள்.

போலீஸ்? யாராவது மிரட்டினால், கை ஓங்கினால் 112. வெறும் கீறலுக்கு வேண்டாம். சொத்துச் சேதம் குற்றமாக வேண்டுமானால் அது வேண்டுமென்றோ, விளையும் என்று தெரிந்தோ செய்யப்பட்டிருக்க வேண்டும். பூனை தன்போக்கில் சுவர் தாண்டியதற்கு வளர்ப்பவர்மேல் எஃப்ஐஆர் கேட்டால் ஸ்டேஷனில் திருப்பி அனுப்பத்தான் செய்வார்கள்.

பணம்தான் பிரச்சினை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். தேசிய உதவி எண் 15100. மாநில ஆணைக்குழு எச். சித்தய்யா சாலையிலுள்ள நியாய தேகுலாவில் இருக்கிறது. வழக்குப் போடாமலே மனுக் கொடுக்கலாம். லோக் அதாலத்தில் கட்டணம் இல்லை, அங்கே ஏற்படும் சமரசத்துக்கு சிவில் நீதிமன்றத் தீர்ப்பின் மதிப்பு உண்டு, மேல்முறையீடு கிடையாது. வக்கீல் வைத்து சிவில் வழக்கு நடத்தும் செலவுக்கு எந்தப் பூனையும் சேதம் செய்துவிடாது.

8. முடித்து வையுங்கள்

பணம் கைமாறிய அன்று அதே செய்தியின் கீழே “இந்த விஷயம் முடிந்தது” என்று எழுதுங்கள். அடுத்த முறை பூனை வந்தால் புதுப் படம், புதுத் தேதி, புதுப் பேச்சு. பழையதை இழுக்காதீர்கள். வலை கட்டும் ஆள் வரும் நாளில் இரண்டு வீட்டுக்காரர்களும் நின்று பாருங்கள். பூனை எந்தச் சந்தில் நுழைகிறது என்று வளர்ப்பவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.