காற்றாடியின் வால் எந்தப் பக்கம்?

அடிலெய்டில் வேலை, வாரக் கடைசியில் பிரஷ். இப்படி ஓடிக்கொண்டிருந்த என் ஓவிய ஆர்வம், உள்நாட்டு ஊர்கள் நடத்தும் ஓவியப் போட்டிகளுக்குப் படம் அனுப்பத் தொடங்கியதிலிருந்து கொஞ்சம் சீரியஸாகிவிட்டது. ஆஸ்திரேலியாவில் அவுட்பேக் என்று சொல்லப்படும் அந்த வறண்ட உள்பகுதியையும் அங்குள்ள வாழ்க்கையையும் வரையச் சொல்லும் போட்டிகள் இவை. "என்ன வரையணும், எப்படி அனுப்பணும்?" என்று கேட்கிற நண்பர்களிடம் வாய் வலிக்கச் சொல்லி வந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், படத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று யோசியுங்கள். நடுவர் ஒருவர் அல்லது இருவர். மற்றவர்கள் எல்லாம் உள்ளூர்க்காரர்கள். ப்ரோக்கன் ஹில்லை எடுத்துக்கொள்வோம். நியூ சவுத் வேல்ஸின் மேற்கு ஓரத்தில் இருக்கும் சுரங்க ஊர். 1883-இல் அங்கே தாது கண்டுபிடிக்கப்பட்டது, பி.எச்.பி. என்ற பெரிய நிறுவனத்தின் முதல் இரண்டு எழுத்துகளே இந்த ஊரின் பெயர்தான். 1904-இலேயே ஊருக்கென்று ஒரு கலைக்கூடம் வந்துவிட்டது. அங்கே நடக்கும் அவுட்பேக் ஓவியப் போட்டி ப்ரோ ஹார்ட்டின் பெயரைத் தாங்கியது. அவர் 1928-இல் அந்த ஊரில் பிறந்து, சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்து, பிறகு ஓவியரானவர். சுரங்கத் தொழிலாளியே ஓவியரான ஊரில், படம் பார்க்க வருகிறவர்களுக்கு வெட்கம் கிடையாது. தோன்றியதைச் சொல்லிவிடுவார்கள்.

ஒரு கண்காட்சியில் என் படத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் இறைக்கும் காற்றாடி ஒன்றின் படம் தொங்கியது. பெரிய கேன்வாஸ், அழகான வேலை. ஆட்டுப் பண்ணைக்காரர் போலிருந்த ஒரு பெரியவரும் அவர் மனைவியும் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்கள். படத்தில் ஒரு வண்டி கிளப்பிய புழுதி இடமிருந்து வலமாகப் பறந்தது. காற்றாடியின் வாலோ இடது பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. சக்கரம் காற்றைப் பார்த்து நிற்கும், வால் காற்று போகும் திசையில் நீளும். இது அங்கே பிள்ளைகளுக்கும் தெரியும். காற்றாடியை நிறுத்தி வைத்திருந்தால் வால் மடங்கி, சக்கரத்தை ஒட்டி இருக்கும். அதுவும் இல்லை. "காத்து இங்கேயிருந்து வருது, இவன் அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு நிக்கிறான்" என்று பெரியவர் சிரித்தார். பார்வையாளர்கள் தங்களுக்குப் பிடித்த படத்துக்குப் போடும் ஓட்டுச் சீட்டு அவர் கையில்தான் இருந்தது. அது அந்தப் படத்துக்கு விழவில்லை.

துல்லியம்தான் ஓவியம் என்று நான் சொல்ல வரவில்லை. ப்ரோ ஹார்ட்டே உருவங்களைக் கன்னாபின்னாவென்று வளைத்தவர். ஆனால் தெரிந்து வளைப்பது வேறு, காலண்டரைப் பார்த்து வரைவது வேறு. சிவப்பு மண், ஒற்றை மரம், காற்றாடி, சூரிய அஸ்தமனம் என்ற நான்கையும் வைத்துத் தயாராகும் படங்கள் ஒவ்வொரு வருஷமும் வந்து குவிகின்றன. நடுவரின் கண்ணுக்கு அவை எல்லாம் ஒரே படம். போய் நின்று பார்த்துவிட்டு வரையுங்கள். அடுத்தவர் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து வரைந்ததைப் பெரும்பாலான போட்டிகள் ஏற்பதும் இல்லை.

போய் நின்றால் முதலில் குழப்புவது பச்சை. ட்யூபில் வரும் பச்சை எதுவும் அங்கே செல்லாது. உப்புப் புதர், நீலப்புதர் எல்லாம் சாம்பல் பூசிய நிறம். மஞ்சள் ஓக்கரோடு துளிக் கறுப்பைக் கலந்தால் ஒரு மங்கின ஆலிவ் பச்சை வரும், முல்கா மரத்துக்கு அது போதும். நீலப்புதருக்கு அல்ட்ராமரைன், நிறைய வெள்ளை, அதைக் கொஞ்சம் அடக்கிவைக்க பர்ன்ட் சியன்னா. மண்ணின் சிவப்பு சுலபம். அந்த மண்ணைச் சிவக்க வைத்திருக்கும் இரும்பு ஆக்சைடுதான் இந்தியன் ரெட் ட்யூபிலும் இருக்கிறது. சுலபம் என்பதாலேயே அள்ளிப் பூசிவிடுகிறோம். மத்தியான வெயிலில் அந்த மண் வெளுத்து, ரோஸ் கலந்த பழுப்பாகத்தான் கிடக்கும். எரிகிற சிவப்பெல்லாம் மாலைக்கு மட்டும். எல்லோரும் மாலையையே வரைகிறார்கள், நீங்கள் பதினோரு மணியை வரைந்து பாருங்கள். நிழல் புதரின் காலடியில் ஒடுங்கி, ஊதா சாயலில் இருக்கும்.

அடுத்தது தூரம். ஈரக் காற்றுள்ள ஊர்களில் தூரத்து மலை நீலமாகி மங்கும். வண்ணத்தைக் குளிர்வித்தாலே ஆழம் வந்துவிடும். அவுட்பேக்கில் காற்று காய்ந்து கிடப்பதால் பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குன்றும் கத்தியில் வெட்டியது போலத் தெரியும். பழைய வித்தை எடுபடாது. இதற்கு ஓவியர் ரஸ்ஸல் டிரைஸ்டேலைப் பாருங்கள். 1944 வறட்சியில் சிட்னி மார்னிங் ஹெரால்டு பத்திரிகை அவரை மேற்கு நியூ சவுத் வேல்ஸுக்கு அனுப்பி வரையச் சொன்னது. அதையடுத்து அவர் வரைந்த 'தி டிரோவர்ஸ் வைஃப்' படத்தில் முன்னால் ஒரு பெண் மலையாக நிற்பாள், பின்னால் வண்டி விரலளவு. ஆழத்தை மங்கலால் இல்லாமல் அளவால் காட்டியிருக்கிறார். ஓவியர் ஃப்ரெட் வில்லியம்ஸ் காட்டுவது இன்னொரு வழி: தொடுவானத்தை மேலே தள்ளிவிடுவார், சில படங்களில் எடுத்தே விடுவார்; நிலம் முழுக்க நிமிர்ந்து, மரங்கள் புள்ளிகளாகிவிடும்.

வெளியில் உட்கார்ந்து வரைகிறவர்களுக்கு: அக்ரிலிக் பேலட்டிலேயே காய்ந்துவிடும், ஈரத் துணி விரித்த மூடிபோட்ட டப்பா வேண்டும். எண்ணெய் வண்ணத்தில் மணல் ஒட்டினால் துடைக்காதீர்கள், துடைத்தால் சேறாகும். காய்ந்தபின் தட்டினால் பாதி உதிரும், மீதி இருந்துவிட்டுப் போகட்டும். இருட்டும் நேரத்தில் கங்காருக்கள் ரோட்டுக்கு வரும், அதற்குள் ஊர் வந்து சேருங்கள்.

அவுட்பேக் என்றால் ஆளில்லாத வெளி என்று நினைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ப்ரோ ஹார்ட் குதிரைப் பந்தயக் கூட்டத்தையும் சுரங்கத் தொழிலாளிகளையும் வரைந்தார், எறும்பையும் தும்பியையும்கூட. ப்ரோக்கன் ஹில்லில் பறக்கும் டாக்டர் சேவையின் விமானத் தளம் இருக்கிறது. பக்கத்து வீடே பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பண்ணைப் பிள்ளைகளுக்கு 1956 முதல் ரேடியோ வழியாகப் பாடம் நடத்திய பள்ளி இருக்கிறது. பண்ணைவீட்டுச் சமையலறை, ரோமம் கத்தரிக்கும் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி நிழலில் படுத்திருக்கும் நாய் எல்லாம் அவுட்பேக்தான்.

ஒன்றை மட்டும் தொடாதீர்கள். ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் புள்ளி ஓவியம் பார்க்க எளிதாகத் தெரியும். சிலர் 'அந்த ஸ்டைலில்' செய்து அனுப்புகிறார்கள். 1971-இல் மத்திய ஆஸ்திரேலியாவின் பப்புன்யாவில் பழங்குடிப் பெரியவர்கள் தங்கள் முன்னோர் கதைகளைப் பலகையில் வரையத் தொடங்கியபோது, எதை வெளியாருக்குக் காட்டலாம் என்பதே அவர்களுக்குள் பெரிய விவாதமானது. கதை குடும்பத்துக்குச் சொந்தம். நமக்கு அதில் பாத்தியதை இல்லை.

இனி காகித வேலை. பல போட்டிகளில் முதல் சுற்றுத் தேர்வு புகைப்படத்தை வைத்துத்தான். கண்ணாடி மாட்டுவதற்கு முன்பே, மேகமூட்டமான நேரத்தில் வெளியில் வைத்துப் படமெடுத்துவிடுங்கள். ஓவியரின் குறிப்பு கேட்டால் 'நிலத்தின் ஆன்மா' என்றெல்லாம் அளக்காமல், எந்த இடம், எந்த மாசம், எதற்காக அங்கே நின்றீர்கள் என்று நாலு வரி எழுதினால் போதும். பின்பக்கம் இரண்டு டி வளையமும் கம்பியும் கட்டாயம்; நூல் கட்டி அனுப்பினால் அவர்கள் மாட்டவே மாட்டார்கள். லாரியில் போகிற படத்துக்குக் கண்ணாடி வேண்டாம், அக்ரிலிக் ஷீட் போடுங்கள். சிட்னியிலிருந்து நேரில் கொண்டுபோகிறவர்களுக்கு: ப்ரோக்கன் ஹில் கடிகாரம் தெற்கு ஆஸ்திரேலிய நேரத்தில் ஓடுகிறது, உங்களைவிட அரை மணி பின்னால். அவசரப்பட வேண்டியதில்லை.

விதிமுறையில் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். பரிசு பெறும் படம் நடத்துகிறவர்களின் சேகரிப்புக்கே போய்விடும் என்று சில போட்டிகளில் இருக்கும். பரிசுப் பணம்தான் விலை. பிரிய மனமில்லாத படத்தை அங்கே அனுப்பக் கூடாது. மற்ற படங்களுக்கு விலை போடும்போது கலைக்கூடத்தின் கமிஷனையும் பிரேம் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தயங்கித் தயங்கி மலிவாகப் போட்டால், விற்ற பிறகு கையில் மிஞ்சுவது லாரிக் கூலிதான்.

தேர்வாகாத படத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்காதீர்கள். ஆஸ்திரேலியாவின் பெரிய ஓவியப் பரிசுகளான ஆர்ச்சிபால்டு, வின் ஆகியவற்றில் தேர்வாகாத படங்களுக்கென்றே சிட்னியில் 1992-இல் தனிக் கண்காட்சி தொடங்கி, அதுவும் பேர்பெற்றுவிட்டது. சின்ன ஊர்களின் விவசாயக் கண்காட்சிகளிலும் ஓவியப் பிரிவு உண்டு; ஜாம் பாட்டிலுக்கும் கம்பளி ரோமத்துக்கும் பக்கத்தில் உங்கள் படமும் நிற்கும். பதிவுக் கட்டணம் கம்மி. படத்தைத் திரும்ப எடுக்க வேண்டிய தேதியை மட்டும் முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள், வாரக்கணக்கில் பத்திரப்படுத்தி வைக்க அந்தக் கொட்டகைகளில் இடம் கிடையாது.