வியாபாரிகளுக்கு ஒரு பாடம்: சவுண்டு கார்டும் காணாமற்போன பில்லும்



கடையிலுள்ள கம்ப்யூட்டர் தகராறு செய்தால் நாம் இரண்டு காரியங்களில் ஒன்றைச் செய்கிறோம். புதிய யந்திரம் வாங்குகிறோம்; அல்லது கடைசியாக அதைத் தொட்டவர் மீது கோபப்படுகிறோம். முன்னதால் பணம் நஷ்டம். பின்னதால் மனிதர் நஷ்டம். இரண்டாவது நஷ்டத்தை நாமே அனுபவித்தவராகையால் இப்பாடத்தை எழுதத் துணிந்தோம். நாம் மதரஸாவும் ஆறாம் வகுப்பும் தாண்டாதவர். ஆகையால் நமக்கு விளங்கிய அளவில், கடைக்காரர் பாஷையிலேயே சொல்லுகிறோம்.

நடந்த சங்கதி

1998 டிசம்பர், நோன்பு மாதம். கிள்ளானில் நம் அத்தாவின் துணிக்கடை. அப்போது நமக்கு வயது பதினெட்டு. கீழே கல்லாவில் ஒரு கம்ப்யூட்டர், மாடியில் கணக்குக்கு இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பி. கீழே பில் அடித்தால் மாடியில் கணக்கு ஏறும். பெருநாள் வியாபாரத்துக்குக் கடை கலகலப்பாக இருக்கட்டுமென்று, கல்லாக் கம்ப்யூட்டரில் ஒரு சவுண்டு கார்டு வாங்கிப் போட்டோம். நாகூர் ஹனீபாவின் பாட்டுகளை அதிலேயே பதித்து ஒலிக்க விட்டோம்.

அந்த வாரமே கணக்கில் ஓட்டை விழுந்தது. 412-ஆம் நம்பர் பில் இருக்கிறது, 414 இருக்கிறது, 413-ஐக் காணோம். அடுத்த நாள் இன்னும் இரண்டு காணோம். கல்லாவில் உட்கார்ந்தவர் ஒரு தோட்டத்துத் தம்பி. அவரை அத்தா கூப்பிட்டு, "413 எங்கேடா?" என்றார். "நான் அழிக்கலே முதலாளி. யந்திரம் நின்னுபோச்சு, திருப்பிப் போட்டேன்" என்றார் அவர். பில்லை அழித்துவிட்டுப் பணத்தை எடுத்திருப்பான் என்றே நாம் முடிவு கட்டினோம். மறுநாள் அவர் வேலைக்கு வரவேண்டாமென்று சொல்லியாயிற்று.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அன்று இரவு கல்லாவை எண்ணியபோது பணம் குறையவில்லை. கணக்கைவிடக் கூடுதலாக இருந்தது. சில்லறை மாற்றியதில் வந்த பிழை என்று தள்ளிவிட்டோம். பில்லை அழித்துத் திருடுகிறவன் பணத்தைக் கல்லாவிலேயே விட்டுவைப்பானா? கண்ணுக்கு முன்னால் சாட்சி இருந்தும் நாம் பார்க்கவில்லை.

தம்பி போன பிறகும் பில்கள் காணாமற்போயின. பழுது பார்க்க வந்த ஒருவர், உள்ளேயுள்ள பெரிய போர்டையே மாற்றவேண்டும் என்றார். நமக்கு மனம் ஒப்பவில்லை. யந்திரத்தைத் தூக்கிக்கொண்டு கொமுட்டர் இரயிலில் கோலாலம்பூர் போனோம். அந்நாளில் கம்ப்யூட்டர்க் கடைகள் நிறைந்திருந்த இம்பி பிளாசாவில் ஒரு சீனப் பெரியவர் மூடியைக் கழற்றிப் பார்த்தார். "புதிதாக என்ன போட்டாய்?" என்பதே அவர் கேட்ட முதற் கேள்வி.

மணியும் முதலாளியும்

அவர் விளக்கியதை இப்படிச் சொல்லலாம். கம்ப்யூட்டரின் மூளை ஒரு முதலாளி. கீபோர்டு, டிஸ்க், பிரிண்டர் முதலியோர் வேலையாட்கள். ஒருவருக்கு முதலாளி தேவையானால் தன் மணியை அடிப்பார். அக்காலத்து யந்திரத்தில் மணிகளின் எண் 0 முதல் 15 வரை. கடிகார ஓட்டத்துக்கு 0, கீபோர்டுக்கு 1, பிளாப்பி டிஸ்குக்கு 6, ஹார்டு டிஸ்குக்கு 14 என்று பல முன்பே பங்கு போடப்பட்டவை. மிச்சத்தில்தான் புதிதாக வருகிறவருக்கு இடம்.

சிங்கப்பூர் கிரியேட்டிவ் கம்பெனி 1989-இல் சவுண்டு பிளாஸ்டர் என்ற கார்டை வெளியிட்டது. ஆரம்பத்தில் அது 7-ஆம் மணியில் உட்கார்ந்தது. அதுவோ பிரிண்டரின் இடம். பின்னர் வந்தவை 5-க்கு மாறின. அங்கே பல யந்திரங்களில் நெட்வொர்க் கார்டு முன்பே குடியிருந்தது. நம் கடையிலும் அதே கதை. பாட்டு ஓடும்போது 5-ஆம் மணி அடித்தால், அழைத்தது யார் என்று முதலாளிக்குத் தெரியவில்லை. மாடிக்குப் போகவேண்டிய பில் நடுவழியில் நின்றது.

விண்டோஸ் 95 முதல் யந்திரமே எண்களைப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு வந்துவிட்டதே எனலாம். உண்மை. ஆனால் நம் நெட்வொர்க் கார்டு பழையது. கையால் ஊசி மாற்றி எண் வைக்கும் வகை. அது தன் எண்ணை யாரிடமும் சொல்லாது. காலியிடம் என்று எண்ணி, யந்திரம் 5-ஐச் சவுண்டு கார்டுக்குக் கொடுத்துவிட்டது.

பெரியவர் நெட்வொர்க் கார்டை 10-ஆம் எண்ணுக்கு மாற்றினார். கடைக்கு வந்து, பாட்டோடு 20 பில் போட்டுப் பார்த்தோம். இருபதும் மாடிக்கு ஏறின. ஒரு சாமானும் கெட்டிருக்கவில்லை. கெட்டது நம் விசாரணைதான்.

இக்காலத்துத் தகராறு

இன்றைய யந்திரங்களில் ஒரே மணியைப் பலர் பங்கிட முறை உண்டு. ஆகவே அந்தச் சண்டை அநேகமாக ஒழிந்தது. வேறு சண்டைகள் வந்துள்ளன. கடையில் டிவியை எச்டிஎம்ஐ கம்பியால் மாட்டினால், சப்தம் ஸ்பீக்கரை விட்டு டிவிக்குப் போய்விடும். ஸ்பீக்கர் செத்தது என்று நினைக்கிறோம். ஒரே யுஎஸ்பி ஹப்பில் ஸ்பீக்கர், ஸ்கேனர், வெளி டிஸ்க் எல்லாவற்றையும் சொருகினால் மின்சாரம் போதாமல் ஏதாவதொன்று விழும். யுஎஸ்பி 3 சாமானுக்குப் பக்கத்தில் கம்பியில்லா மவுசின் சிறு துண்டைச் சொருகினால் மவுஸ் திக்கும்.

செய்யவேண்டியவை

முதலாவது: கடைசியாக என்ன மாறியது என்று கேளுங்கள். புதிய சாமானா, புதிய புரோகிராமா, அப்டேட்டா?

இரண்டாவது: புதியதைக் கழற்றிவிட்டு, அதே வேலையை இருபது முறை செய்யுங்கள். பிறகு மாட்டிவிட்டு இருபது முறை. வித்தியாசம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதைக் கடை நோட்டில் எழுதுங்கள்.

நான்காவது: டிவைஸ் மேனேஜர் பக்கத்தில் மஞ்சள் குறி இருக்கிறதா பாருங்கள். சப்த அமைப்பில் எந்த ஸ்பீக்கர் தேர்வாகியிருக்கிறது என்பதையும் பாருங்கள்.

ஐந்தாவது: இவை முடியும்வரை எந்தச் சாமானையும் வாங்காதீர்கள், எந்த ஆளையும் குற்றஞ்சாட்டாதீர்கள்.

ஐந்தாவதுதான் நமக்குப் பிந்திக் கிடைத்த பாடம். அத்தா அந்தத் தம்பியின் வீட்டுக்கே போனார். நின்றுபோன நாட்களின் சம்பளத்தைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டார். தம்பி தேநீர் கொடுத்தார்; பணத்தையும் வாங்கிக்கொண்டார். ஆனால் திரும்பி வரவில்லை. பிரிக்பீல்ட்ஸில் வேறு கடையில் சேர்ந்துவிட்டார். அவரைப்போல் கைசுத்தமான கல்லாக்காரர் நமக்குப் பிறகு வாய்க்கவில்லை.

யந்திரத்தை விசாரிக்க அரை நாள் போதும், சகோதரர்களே. அந்த அரை நாளை முதலில் கொடுங்கள்.