எத்தனை மடங்கு என்று கேட்காதீர்கள்

பிள்ளைக்கு மைக்ரோஸ்கோப் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?" என்றுதான். பெட்டியின் மேலும் 1,200 மடங்கு, 2,000 மடங்கு என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். நுண்ணோக்கியைப் பற்றிய தப்பெண்ணங்கள் பலவற்றுக்கும் வேர் இந்தக் கேள்வியில் இருக்கிறது. இதனால் வரும் குழப்பம் நோயாளியின் சிகிச்சை வரைக்கும் போகிறது.

நம்பிக்கை: மடங்கு கூடக் கூட, நுணுக்கமும் கூடும்.

உண்மை: இரவில் நெடுஞ்சாலையில் வெகுதூரத்தில் வரும் லாரியின் இரண்டு விளக்கும் ஒரே வெளிச்சமாகத்தான் தெரியும். அதைப் படம் பிடித்து எவ்வளவு பெரிதாக்கினாலும் ஒரு பெரிய வெளிச்சம் கிடைக்குமே தவிர, இரண்டாகப் பிரியாது. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு புள்ளிகளை இரண்டாகவே காட்டும் திறனுக்குப் பகுதிறன் என்று பெயர். நுண்ணோக்கியின் தரத்தை அதை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

அதற்கு ஓர் எல்லை உண்டு என்று ஜெர்மானிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் ஆபே 1873-இல் காட்டினார். லென்ஸை எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும், ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறையப் பாதிக்கும் குறைவான இடைவெளி பிரிந்து தெரியாது. நம் கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். ஆக, சாதாரண நுண்ணோக்கியின் எல்லை சுமார் 200 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சம் நானோமீட்டர் என்பதை நினைத்துப் பார்த்தால், இதுவே பெரிய சாதனைதான். ஆனால் இந்த எல்லையைத் தொடுவதற்கு, ஸ்லைடுக்கும் லென்ஸுக்கும் நடுவே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, 1,000 முதல் 1,400 மடங்கில் பார்த்தாலே போதும். அதற்கு மேல் ஏற்றினால் மங்கல்தான் பெரிதாகும்.

ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹுக் 1670-களில் பாக்டீரியாவைப் பார்த்தது ஒற்றை லென்ஸில். அவர் செய்தவற்றில் இன்று மிஞ்சியிருப்பதில் சிறந்தது 270 மடங்குக்குப் பக்கத்தில்தான் காட்டுகிறது. பெட்டியில் போட்ட எண்ணைவிட நல்ல லென்ஸும் நல்ல வெளிச்சமும் முக்கியம்.

நம்பிக்கை: கொரோனா வைரஸை லேப் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கலாம், அது சிவப்பு முள் வைத்த பந்து.

உண்மை: அதன் குறுக்களவு ஏறக்குறைய 100 நானோமீட்டர். ஒளியின் எல்லைக்குள் அது அகப்படாது. ஒளிரும் சாயம் ஏற்றினால் வைரஸ் இருக்கும் இடம் ஒரு புள்ளியாக மின்னலாம், உருவம் தெரியாது. உருவத்தைப் பார்க்க எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். எலக்ட்ரானின் அலைநீளம் ஒளியைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறியது. 2020-இல் புனே தேசிய வைராலஜி நிறுவனம் கேரள நோயாளி ஒருவரின் தொண்டைச் சளியிலிருந்து இப்படித்தான் அந்த வைரஸைப் படமெடுத்தது. அதில் இருப்பது சாம்பல் நிறத்தில் ஒரு வட்டமும் ஓரத்தில் சிறு காம்புகளும். எலக்ட்ரானுக்கு நிறம் என்ற பேச்சே இல்லை. இத்தகைய படங்களில் காணும் வண்ணமெல்லாம் பிறகு கணினியில் ஏற்றியது. உலகமே பார்த்த அந்தச் சிவப்பு முள் பந்து, அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் ஓவியர்கள் வரைந்த சித்திரம்.

நம்பிக்கை: எலக்ட்ரான் நுண்ணோக்கி இருக்கும்போது மற்றது எதற்கு?

உண்மை: காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடத்தில்தான் அது வேலை செய்யும். மாதிரியை உலர்த்தி, 100 நானோமீட்டருக்கும் மெல்லியதாகச் சீவி, ஈயம், யுரேனியம் போன்ற உலோக உப்புகளை ஏற்ற வேண்டும். மேற்பரப்பை மட்டும் காட்டும் வகைக்குப் பெரும்பாலும் தங்கப் பூச்சு பூச வேண்டும். 2017-இல் வேதியியல் நோபல் பெற்ற உறைகுளிர் முறையில் உலோக உப்பும் உலர்த்தலும் தேவையில்லை. ஆனாலும் அதில் இருப்பது உறைந்துபோன மாதிரி. உயிரோடு இருக்கும் செல் இரண்டாகப் பிரிவதைப் பார்க்க இன்றைக்கும் ஒளி நுண்ணோக்கிதான் துணை.

நம்பிக்கை: அணுவை நேரில் பார்த்துவிட்டார்கள்.

உண்மை: 1981-இல் சூரிச் ஐபிஎம் ஆய்வகத்தில் பிறந்த ஊடுருவு நுண்ணோக்கியில் லென்ஸே கிடையாது. கூரிய ஊசிமுனை, மின்சாரம் கடத்தும் பரப்பைத் தொடாமல் ஊர்ந்து போகும். இடையில் பாயும் மிகச் சிறிய மின்னோட்டத்தை அளந்து அணுக்களின் மேடுபள்ள வரைபடம் போடுவார்கள். பரப்புக்குக் கீழே இருப்பது அதற்குத் தெரியாது.

நம்பிக்கை: சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்றால் காசநோய் இல்லை.

உண்மை: இந்த ஒரு நம்பிக்கையைத் திருத்தத்தான் மேலே சொன்ன எல்லாமே. ராபர்ட் காக் 1882-இல் பெர்லினில் காட்டிய கிருமி 2,000 முதல் 4,000 நானோமீட்டர் நீளம் கொண்டது. அதாவது எல்லைக்கு வெகு மேலே. சாதாரண நுண்ணோக்கியில் தாராளமாகத் தெரியும். ஸ்லைடில் சளியைத் தடவி, சிவப்புச் சாயம் விட்டு, ஆவி வரும்வரை சூடு காட்டி, அமிலத்தால் கழுவி, நீலச் சாயம் விடுவார்கள். மற்றதெல்லாம் நீலமாகிவிட, காசநோய்க் கிருமி மட்டும் மெல்லிய சிவப்புக் குச்சியாக நிற்கும்.

சிக்கல் எண்ணிக்கையில்தான். ஆயிரம் மடங்கில் ஒரு பார்வைக்கு அகப்படும் வட்டம் சுமார் 0.2 மில்லிமீட்டர் அகலம். டெக்னீஷியன் பொறுமையாக நூறு வட்டங்கள் பார்த்தாலும், தடவிய சளியில் அது மிகச் சிறு பங்கு. ஒரு மில்லிலிட்டர் சளியில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமிகளாவது இருந்தால்தான் ஒன்றாவது கண்ணில் படும். குழந்தைகளுக்கும் எச்ஐவி உள்ளவர்களுக்கும் சளியில் கிருமி குறைவாகவே இருக்கும். நிணநீர்க் கட்டி, முதுகெலும்பு போன்ற இடங்களில் வரும் காசநோயில் சளியில் ஒன்றுமே இல்லாமலும் போகலாம். கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனை மில்லிலிட்டருக்கு நூற்றுச் சொச்சம் கிருமி இருந்தாலே பிடித்துவிடும். ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்றும் சொல்லும். நுண்ணோக்கியால் அதைச் சொல்லவே முடியாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ, காய்ச்சலோ, எடை குறைவதோ இருந்து ஸ்லைடில் "இல்லை" என்று வந்தால், சிபிநாட் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். அரசு காசநோய்த் திட்டத்தில் அதற்குக் கட்டணம் கிடையாது.