நிலத்தில் ஊன்றிய கால்கள்
(யப்பானிய இளையோரின் மரபுவழி வலுப்பயிற்சிகள்)



சுவர் இருந்தாற்றான் சித்திரம் எழுதலாம் என்பது நம் முன்னோர் வாக்கு. உடல் உறுதியின்றி உயர்கல்வி நிலைபெறாது. எமது மாணவரிற் பலர் வார இறுதியில் ஒரு வேளை தமிழும் மறு வேளை கராத்தேயோ யூடோவோ பயில்கின்றனர். வெள்ளுடை அணிந்து, இடுப்புப்பட்டி கட்டி, உற்சாகத்தோடு செல்லும் இவர்களிடம், அக்கலைகளுக்கு அடித்தளமான வலுப்பயிற்சிகள் எங்கே தோன்றின, எதற்காகப் பயிலப்பட்டன என்று வினவினால் விடை பகர்வோர் மிகச் சிலரே. ஆதலின் அவற்றுட் சிலவற்றை இக்கட்டுரையில் நோக்குவோம்.

1. சுமோ மல்லரின் காற்பயிற்சி

சுமோ என்றதும் பருத்த உடலே பலருக்கு நினைவில் எழும். ஆனால் அம்மல்லரின் உண்மையான வலிமை இடையிலும் தொடையிலும் பாதத்திலும் உள்ளது. அவர்கள் போரிடும் வட்டத்தின் விட்டம் 4.55 மீற்றர் மட்டுமே. அவ்வட்டத்தை விட்டு வெளியேறினாலோ, உள்ளங்கால் தவிர உடலின் வேறெப்பகுதியேனும் நிலத்தைத் தொட்டாலோ தோல்விதான். எனவே நிலைகுலையாது நிற்றலே அவர்கள் கற்கும் முதற்பாடம்.

இதற்கென அமைந்த பயிற்சி 'சிக்கோ' எனப்படும். கால்களை நன்கு அகட்டி, விரல்களை வெளிப்புறம் நோக்க வைத்து, முதுகு வளையாமல் இடையைத் தாழ்த்த வேண்டும். கைகள் முழங்கால்களின் மேல் இருக்கும். பின் உடற்பாரம் முழுவதையும் ஒரு காலில் ஏற்றி, மறுகாலைப் பக்கவாட்டில் உயர்த்தி, ஒரு கணம் நிறுத்தி, மெல்ல இறக்கி மீண்டும் இடையைத் தாழ்த்த வேண்டும். நிலத்தை மிதிப்பதால் தீய சக்திகள் அகலும் என்பது யப்பானியரின் பழைய நம்பிக்கை. உடலியல் நோக்கிற் பார்த்தால், உடலின் முழுப்பாரத்தையும் ஒற்றைக்கால் தாங்குவதனால் தொடைத்தசையும் இடுப்புத்தசையும் உறுதியடைகின்றன, சமநிலையும் வளர்கின்றது. மல்லர்கள் காலையுணவு கொள்ளாமலே பயிற்சிக்கூடத்தில் இறங்கி இதனை நூற்றுக்கணக்கில் செய்வர்.

அடுத்தது 'சுரியாஷி'. இடையைத் தாழ்த்தி, முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்து, உள்ளங்காலை நிலத்தினின்றும் எடுக்காமல் உரசியவாறு முன்னேறுவதாகும். மூன்றாவது 'தெப்போ'. மரத்தூண் ஒன்றை விரித்த உள்ளங்கைகளால் மாறிமாறி அடித்துத் தள்ளுவதும், கையோடு அதே பக்கக் காலையும் முன்வைப்பதும் இதன் முறை. கையின் வலு காலிலிருந்தே எழ வேண்டும் என்ற உண்மையை இதனால் உடலே கற்றுக்கொள்கின்றது.

2. ஒக்கினாவாவின் கல்லும் சாடியும்

கராத்தேயின் தாயகம் யப்பானின் தென்கோடியிலுள்ள ஒக்கினாவாத் தீவு. அங்கு இக்கலைக்கு உதவும் பயிற்சிகளை 'ஹோஜோ உண்டோ' என்பர். துணைப்பயிற்சி என்பது இதன் பொருள். கருவிகளோ மிக எளியன. மரப்பிடியின் ஒரு முனையிற் கல்லைப் பொருத்தியது 'சீஷி'. இதனைச் சுழற்றுவதால் மணிக்கட்டும் தோளும் வலுப்பெறும். 'நிகிரிகாமே' என்பது மண்சாடி. அதன் விளிம்பை விரல் நுனிகளாற் பற்றி, இரு கைகளிலும் ஒவ்வொரு சாடியாகத் தூக்கிக்கொண்டு தாழ்ந்த நிலையில் மெல்ல நடப்பர். தொடக்கத்திற் சாடி வெறுமையாக இருக்கும். விரல்கள் வலுப்பெறப்பெற, சிறிது சிறிதாக மணல் சேர்க்கப்படும்.

இச்சாடி ஒரு நல்லாசிரியர் என்போம். நேற்றைய மணலோடு இன்று ஒரு பிடிதான் கூடும். எவ்வளவு அவசரப்பட்டாலும் அதனை ஒரே நாளில் நிரப்பித் தூக்க இயலாது.

3. பள்ளிக்கு வந்த கலை

கராத்தேயைப் பள்ளிச் சிறுவருக்கு உரியதாக்கியவர் இத்தோசு அங்கோ என்னும் ஆசான். 1901 ஆம் ஆண்டளவில் ஒக்கினாவாவின் தொடக்கப்பள்ளியில் இதனைக் கற்பிக்கத் தொடங்கிய அவர், சிறுவருக்கென ஐந்து எளிய பயிற்சி வரிசைகளை அமைத்தார். அவற்றுக்கு அவர் இட்ட பெயர் 'பினான்'. அமைதி என்பது அதன் பொருள். அடிக்கவும் உதைக்கவும் கற்பிக்கும் பாடத்துக்கு அமைதி என்று பெயர் சூட்டியது சிந்திக்கத்தக்கது.

யூடோவின் தந்தை கானோ ஜிகோரோ. மெலிந்த சிறுவனாகிய அவர் பள்ளித் தோழரின் துன்புறுத்தலுக்கு ஆளாகியே பழைய மற்கலையைக் கற்கலானார். 1882 இல், தமது இருபத்தொராவது வயதில், டோக்கியோவிலுள்ள ஒரு கோயிலிற் பன்னிரண்டு பாய்கள் விரித்த அறையில் யூடோப் பள்ளியைத் தொடங்கினார். பிற்காலத்தில் ஆசிரியர்களைப் பயிற்றும் உயர்கல்லூரிக்கு இருபதாண்டுகளுக்கும் மேலாகத் தலைவராக விளங்கினார். ஆற்றலை நன்முறையிற் பயன்படுத்தல், தானும் பிறரும் ஒருங்கே நலம்பெறல் என்பன அவர் வகுத்த இரு நெறிகள். தம்மை நலிவித்தோரை வீழ்த்துவதற்காகக் கற்கத் தொடங்கிய ஒருவர் இறுதியில் இந்நெறிகளை வந்தடைந்தார் என்பதை மாணவர் மறத்தலாகாது.

4. வலு எதற்கு?

இக்கலைகளின் வரலாற்றில் இருண்ட பக்கமும் உண்டு. 1930 களில் யப்பானியப் பள்ளிகளில் உடற்பயிற்சி படைப்பயிற்சியோடு பிணைக்கப்பட்டது. 1945 இல் ஒக்கினாவாவிற் போர் மூண்டபோது, பள்ளிச் சிறுவரும் படைப்பணியிற் சேர்க்கப்பட்டனர். அத்தீவு மக்களில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் மாண்டனர். கராத்தே ஆசான் மியாகி சோஜுன் தமது தலைமாணவர் சிஞ்சாத்தோவை அப்போரில் இழந்தார். போர் முடிந்ததும் யப்பானியப் பள்ளிகளிற் போர்க்கலைகள் தடைசெய்யப்பட்டன. 1950 இல் யூடோ மீண்டும் பள்ளிக்குள் வந்தது. 2012 தொடக்கம் நடுநிலைப் பள்ளிகளில் மரபுவழிப் போர்க்கலை கட்டாய பாடமாயிற்று. மியாகியும் ஓய்ந்துவிடவில்லை. அழிந்த நகரிலே மீண்டும் மாணவரைச் சேர்த்து, 1953 இல் இறக்கும்வரை கற்பித்தார்.

போரினால் ஊரையும் பள்ளியையும் பிரிந்து வந்த எமக்கு இச்செய்தி அயலார் கதையன்று. எமது வகுப்பறைகளில் அமர்ந்திருந்த பிள்ளைகள் பலர் இன்று இல்லை. ஆதலின் எம் பிள்ளைகள் வலுப்பெற வேண்டும் என விரும்பும்போதே, அவ்வலு எதற்கு என்ற வினாவையும் அவர்கள் முன் வைக்கக் கடமைப்பட்டுள்ளோம். பயிற்சியின் தொடக்கத்திலும் முடிவிலும் எதிரே நிற்பவரை வணங்கும் வழக்கம் அவ்வினாவுக்கு விடையாகும். இவர் எம் பகைவரல்லர், எமக்குக் கற்பிக்க வந்தவர் என்பதே அவ்வணக்கத்தின் உட்பொருள்.

5. வீட்டிற் பயில்வோர்க்குச் சில குறிப்புகள்

(அ) சிக்கோவை நாள்தோறும் ஒவ்வொரு காலுக்கும் ஐந்து முறை தொடங்கிப் படிப்படியாகப் பத்தாக்குக. காலை உயர்த்தும் அளவினும் முதுகு நிமிர்ந்திருத்தலே முக்கியம். முழங்கால் வலித்தால் நிறுத்துக.

(ஆ) மாடிவீட்டில் வசிப்போர் காலை ஓசையின்றி இறக்குக. அது கீழ்வீட்டாருக்கு நன்மை. மெல்ல இறக்குவது கடினமாதலால் உமது தொடைக்கும் நன்மை.

(இ) தூணுக்குப் பதிலாகச் சுவரை உள்ளங்கைகளால் மாறிமாறித் தள்ளுக, அடிக்க வேண்டா.

(ஈ) பாரமான கற்களைத் தூக்குதலும், கைமுட்டியாற் கடினமான பொருள்களைக் குத்துதலும் வளரும் எலும்புக்கு ஆகா. அவை வளர்ந்தோருக்கு உரியன.

(உ) கராத்தே வகுப்பில் இச்சி, நி, சான் என எண்ணும் நீங்கள், வீட்டில் ஒன்று, இரண்டு, மூன்று எனத் தமிழில் உரத்து எண்ணுக. உலகெங்கும் சென்ற யப்பானிய ஆசான்கள் தம் எண்களையும் உடன் கொண்டு சென்றனர். பிற நாட்டாரும் அவற்றை மதித்துக் கற்றனர். நாமும் நம் எண்களை மறவாதிருத்தல் வேண்டும்.

பெற்றோர்களே! பிள்ளையைக் காரில் ஏற்றி வகுப்பு வாசலில் இறக்கிவிடுவதோடு உங்கள் கடமை நிறைவுறுவதில்லை. நாளொன்றுக்குப் பத்து நிமிடம் பிள்ளையோடு நின்று நீங்களும் எண்ணுங்கள். இரண்டு தொழில் பார்த்துக் களைத்த கால்களுக்கும் இப்பயிற்சி தீங்கு செய்யாது.

மாணவச் செல்வங்களே! மொழியும் அந்த மண்சாடி போன்றதே. நாளுக்கு ஒரு பிடி சேருங்கள். கால்களை நிலத்தில் நன்கு ஊன்றுங்கள். எவரையும் வீழ்த்துவதற்காக அன்றி, வீழ்ந்தவரைத் தூக்கி நிறுத்துவதற்காக வலிமை பெறுங்கள்.