பல்லண்டத்துச் சிலந்தி வீரன்: திறனாய்வாளர் தீர்ப்பும் சுவைஞர் ஏற்பும்

முன்னுரை

ஒரு படைப்பு, படைப்போன் கையை விட்டு நீங்கியவுடன் முழுமை பெற்றுவிடுவதில்லை. கற்போர், காண்போர் உள்ளத்தில் அது எழுப்பும் உணர்விலேயே அதன் வாழ்வு தொடங்குகின்றது. மெய்ப்பாட்டிற்கெனத் தனியோர் இயலைத் தொல்காப்பியர் வகுத்திருப்பது இவ்வுண்மையின் இன்றியமையாமையை நமக்கு உணர்த்தும். எனவே படைப்பை ஆராய்வது போன்றே, படைப்பு ஏற்கப்பட்ட முறையை ஆராய்வதும் திறனாய்வின் பணியேயாகும்.

இக்கட்டுரை அமெரிக்க நாட்டில் உருவான இரண்டு அசைவூட்டப் படங்களை எடுத்துக்கொள்கின்றது. ஒன்று 2018இல் வெளிவந்த ‘ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்வெர்ஸ்’, மற்றொன்று 2023இல் வெளிவந்த அதன் தொடர்ச்சியான ‘ஸ்பைடர்மேன்: அக்ராஸ் தி ஸ்பைடர்வெர்ஸ்’. கார்ட்டூன் படத்திற்குத் தமிழ்த்துறை மலரில் என்ன வேலை என மூத்தோர் வினவலாம். இரண்டாம் படம் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகள் பலவற்றிலும் குரல் மாற்றம் பெற்று வெளிவந்தது. நம் மாணவர் கண்டு சுவைக்கும் ஒன்றை எவ்வாறு மதிப்பிடுவது எனக் கற்பித்தல் நம் கடமையன்றோ?

நாயகன் தோன்றிய வரலாறு

ஸ்டான் லீ, ஸ்டீவ் டிட்கோ ஆகிய இருவர் படைத்த சிலந்தி வீரன் 1962ஆம் ஆண்டில் சித்திரக்கதை இதழ் ஒன்றில் முதன்முதலாகத் தோன்றினான். பீட்டர் பார்க்கர் என்னும் ஏழை மாணவனே முகமூடிக்குள் இருந்தவன். தன் வளர்ப்புத் தந்தையாகிய பெரியப்பனை அவன் இழந்த துயரமே அக்கதையின் அடித்தளம்.

2011ஆம் ஆண்டில் எழுத்தாளர் பிரையன் மைக்கேல் பெண்டிஸ், ஓவியர் சாரா பிக்கெல்லி ஆகியோர் மைல்ஸ் மொராலெஸ் என்னும் புதிய சிறுவனைப் படைத்தனர். நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியைச் சேர்ந்த அவனுடைய தந்தை கறுப்பினத்தவர். தாய் போர்ட்டோ ரிக்கோ வழியினர். இவன் சிலந்தி வீரனாக அறிமுகமானபோது வரவேற்பும் எழுந்தது, எதிர்ப்பும் எழுந்தது. ‘இவன் எங்கள் சிலந்தி வீரன் அல்லன்’ என்பதே எதிர்த்தோர் கூற்றின் சாரம். இவ்வெதிர்ப்பை நினைவில் நிறுத்துதல் வேண்டும். பின்னர் வந்த படங்களின் பொருளை விளக்கும் திறவுகோல் இதுவே.

முதற்படமும் அதன் புதுமையும்

நாம் வாழும் அண்டத்தைப் போன்றே வேறு பல அண்டங்களும் உள. அவை ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சிலந்தி வீரன் உளன் என்பது கதையின் கற்பனை. அவ்வீரர்கள் மைல்ஸ் வாழும் உலகில் வந்து கூடுகின்றனர். நடு வயதில் தளர்ந்துபோன ஒரு பீட்டர், குவென் என்னும் இளம்பெண், பன்றி வடிவினன் என அவர் பலராயினும் துயரால் ஒருவரே. பாப் பெர்சிகெட்டி, பீட்டர் ராம்சே, ராட்னி ராத்மேன் ஆகிய மூவர் இதனை இயக்கினர்.

திறனாய்வாளர் பெரிதும் போற்றியது இதன் ஓவிய முறையையே. பழைய சித்திரக்கதை அச்சில் காணப்படும் நிறப்புள்ளிகள், வண்ணம் சற்றே விலகி விழும் அச்சுப் பிழை, எழுத்தாகவே தோன்றும் ஒலிக்குறிப்பு ஆகியன திரையிற் கொணரப்பட்டன. திரைப்படத்தில் நொடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடுகின்றன. கணினி அசைவூட்டத்தில் சட்டந்தோறும் அசைவு மாறுதல் பெருவழக்கு. இப்படத்திலோ ஓர் அசைவு இரு சட்டங்களுக்கு நிற்குமாறு பல இடங்களில் அமைத்தனர். காட்டினிடையே இருவரும் தாவிச் செல்லும் காட்சியில், பயிற்சி பெற்ற பீட்டர் 24 அசைவுகளோடு வழுவழுப்பாகச் செல்ல, மைல்ஸ் 12 அசைவுகளோடு தடுமாறுகின்றான். அவன் திறம் பெறப் பெற அவன் அசைவும் நிறைவுறுகின்றது. பொருளுக்கேற்ப யாப்பு நடை மாறுவதை ஒத்தது இஃது. வடிவம் பொருளுக்கு அணியாக மட்டும் நில்லாமல் பொருளாகவே ஆகிவிடுகின்றது.

மருட்கை என்னும் மெய்ப்பாடு புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகிய நான்கன் வழித் தோன்றும் என்பர். இப்படத்தைக் கண்டோர் வியப்பு புதுமையினின்று தொடங்கி, ஒன்று மற்றொன்றாக மாறும் ஆக்கத்தில் நிறைவு பெற்றது எனலாம். கண்ணாடிச் சுவரிலிருந்து கையை விடுவிக்க இயலாது அஞ்சிய சிறுவன், இறுதியில் உயர்மாடத்தினின்று தானே குதிக்கின்றான். அப்போது காட்சி தலைகீழாக்கப்பட்டுள்ளமையால் வீழ்பவன் எழுபவனாகத் தோன்றுகின்றான். சுவைஞர் இன்றும் எடுத்துப் பேசும் காட்சி இதுவாகும்.

அளவுகோல்களும் அவற்றின் எல்லையும்

ஏற்பினை அளக்கப் பல கோல்கள் உள. ‘ராட்டன் டொமேட்டோஸ்’ என்னும் மதிப்பீட்டுத் தொகுப்பில் முதற்படம் 97 விழுக்காடு பெற்றது. இதனை நூற்றுக்குத் தொண்ணூற்றேழு மதிப்பெண் எனக் கொள்வது பிழை. திறனாய்வாளர் நூற்றுவருள் தொண்ணூற்றெழுவர் நல்லது என்றனர் என்பதே இதன் பொருள். எத்துணை நல்லது என்பதை இவ்வெண் உரைப்பதில்லை. ‘சினிமாஸ்கோர்’ என்னும் நிறுவனமோ படம் வெளியாகும் நாளில் அரங்கில் உள்ளோரிடமே கருத்துக் கேட்டுத் தரம் வழங்குவது. அது முதற்படத்திற்குத் தன் மிகவுயர்ந்த தரமாகிய ‘ஏ பிளஸ்’ஸை அளித்தது. ஆயினும் முதல் நாளிலேயே அரங்கிற்கு வருவோர் பெரும்பாலும் முன்பே ஆர்வங்கொண்டோர் என்பதை மறத்தலாகாது.

மூன்றாம் கோல் வருவாய். ஏறத்தாழ 9 கோடி டாலர் செலவில் உருவான முதற்படம், அமெரிக்காவில் முதல் வார இறுதியில் ஏறத்தாழ 3.5 கோடி டாலரே ஈட்டியது. பின்னர்க் கண்டோர் பிறரிடம் கூற, உலகளவில் 38 கோடி டாலர் அளவிற்கு உயர்ந்தது. ஐந்தாண்டு கழித்து வந்த இரண்டாம் படமோ முதல் வார இறுதியிலேயே 12 கோடி டாலரையும், மொத்தத்தில் ஏறத்தாழ 69 கோடி டாலரையும் ஈட்டியது. இடைப்பட்ட காலத்தில் இல்லந்தோறும் கண்டு பழகிய சுவைஞர் பெருகியிருந்தனர் என்பதற்கு இவ்வேறுபாடே சான்று.

நான்காவது கோல் பரிசு. 2019 பிப்ரவரியில் சிறந்த அசைவூட்டப் படத்திற்கான ஆஸ்கர் விருது முதற்படத்திற்குக் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகளும் டிஸ்னி, பிக்சார் படங்களே அவ்விருதைப் பெற்றிருந்தன. இரண்டாம் படம் 2024இல் அவ்விருதை ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் படத்திடம் இழந்தது.

மறுப்புரைகள்

புகழுரைகளுக்கிடையே மறுப்புரைகளும் எழுந்தன. வண்ணம் விலகி நிற்கும் ஓவிய முறையைச் சிலர், முப்பரிமாணப் படத்தைக் கண்ணாடியின்றிக் காண்பது போலுளது என்றனர். இரண்டாம் படம் 140 நிமிடம் நீள்வது. காட்சிகள் கண்ணை இளைப்பாற விடாமல் விரைகின்றன என்றனர் வேறு சிலர். அரங்குகள் சிலவற்றில் உரையாடல் தெளிவாகக் கேட்கவில்லை என்ற முறையீடு எழுந்தபோது, ஒலியளவைக் கூட்டுமாறு படைப்பாளரே அரங்கினருக்கு அறிவுறுத்த நேர்ந்தது.

யாவற்றினும் மிக்க குறை, இரண்டாம் படம் கதையின் நடுவே முடிந்தமையாகும். ஒரு கதையின் பாதியை முழுப் படமாகக் கொள்வது எங்ஙனம் என்று கேட்டோர் பலர். 2024 மார்ச்சில் வெளிவரும் என முதலில் அறிவிக்கப்பட்ட மூன்றாம் பகுதி அவ்வாண்டில் வெளிவராமையால் இவ்வினா வலுப்பெற்றது. ஆயினும் குவெனின் உலகில் அவள் மனநிலைக்கேற்பப் பின்புல வண்ணம் நீர்வண்ண ஓவியம் போல் கரைந்து மாறும் அழகு, இக்குறையைப் பலருக்கு மறக்கச் செய்தது.

இந்தியச் சுவைஞர்

இரண்டாம் படத்தில் பவித்ர் பிரபாகர் என்னும் இந்தியச் சிலந்தி வீரன் வருகின்றான். 2004இல் சரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன், ஜீவன் காங் ஆகியோர் படைத்த சித்திரக்கதையில் பிறந்தவன் இவன். மும்பையும் மேன்ஹாட்டனும் கலந்த ‘மும்பாட்டன்’ அவன் நகரம். அதன் ஓவியத்திற்கு இந்திரஜால் காமிக்ஸ் என்னும் பழைய இந்திய இதழ்களை முன்மாதிரியாகக் கொண்டனர். ‘சாய் டீ’ என்று கூறிய மைல்ஸை, ‘சாய்’ என்பதே தேநீர்தானே என அவன் இடித்துரைப்பதும், ஆங்கிலேயர் நம் பொருளைக் கவர்ந்து சென்றதைப் போகிற போக்கில் குத்திக்காட்டுவதும் இந்தியச் சுவைஞரை மகிழ்வித்தன. தன்னைப் பிறர் படைப்பில் கேலிப்பொருளாக அன்றி, கேலி செய்வோனாகக் காணும் மகிழ்ச்சி இது.

எதிர்ப்பே கதையானமை

இரண்டாம் படத்தின் உயிர்நிலை ஒரு வாதத்தில் உள்ளது. சிலந்தி வீரர் ஒவ்வொருவரும் தமக்குரிய ஓர் இழப்பை அடைந்தே தீரவேண்டும்; அதனைத் தடுத்தால் அண்டமே குலையும் என்கின்றான் மிகேல் என்னும் தலைவன். மைல்ஸின் தந்தை இறத்தலும் அவ்வாறு விதிக்கப்பட்ட ஒன்று. அதனை ஏற்க மறுக்கும் மைல்ஸை நோக்கி, நீ சிலந்தி வீரனாகியதே பிழை. உன்னைக் கடித்த சிலந்தி வேறோர் அண்டத்தது என்கின்றான் அவன்.

2011இல் வாசகர் சிலர் கூறியதும் இதுவேயன்றோ? மரபின் காவலர் எனத் தம்மைக் கருதியோர் புதியவனை நோக்கி எறிந்த சொல்லையே, படைப்பாளர் எதிர்நிலைத் தலைவனின் வாயில் வைத்தனர். மறுப்புரையைப் புறக்கணிக்காமலும் அதற்குச் சினந்து விடை கூறாமலும் அதனையே கதைப்பொருளாக்கியமை இப்படத்தின் சிறப்பெனக் கருதலாம். தவிர்க்க இயலாத அவ்விழப்பைக் குறிக்கப் படம் ஆளும் ‘கேனன் ஈவென்ட்’ என்னும் தொடரை, தம் அன்றாடச் சிறு துன்பங்களுக்கு இளைஞர் வேடிக்கையாக வழங்கத் தொடங்கினர். ஒரு படைப்பின் சொல் மக்கள் வழக்கில் புகுவது எந்த விருதினும் குறைந்ததன்று.

இருவகை உழைப்பு

சுவைஞன் படைப்பாளனாகவும் மாறிய நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. கனடாவில் வாழும் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன், இப்படத்தின் முன்னோட்டத்தை லெகோ பொம்மைகளின் உருவில் கணினியில் அமைத்து வெளியிட்டான். அதனைக் கண்ட படைப்பாளர், இரண்டாம் படத்தில் இடம்பெறும் லெகோ உலகக் காட்சியை உருவாக்கும் பணியை அவனுக்கே அளித்தனர்.

இதன் மறுபக்கமும் உண்டு. படம் வெளிவந்த 2023 ஜூன் மாதத்திலேயே நியூயார்க் இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வந்தது. முடிந்த காட்சிகளை மீளமீள மாற்றச் செய்தமையால் நெடுநேர உழைப்பு நேர்ந்தது என்றும், ஏறத்தாழ நூறு கலைஞர் இடையிலேயே விலகினர் என்றும் பெயர் வெளியிடாத கலைஞர் நால்வர் அதில் கூறினர். கதை செம்மையுறும் வரை திருத்துவது திரைப்படத் தொழிலின் இயல்பே எனத் தயாரிப்புத் தரப்பினர் விடையளித்தனர். அவ்விடை ஏற்கத்தக்கதா என்பது ஒருபுறமிருக்க, கண்டு வியந்த நமக்கும் இதில் பங்குண்டு. மூன்றாம் பகுதி ஏன் விரைந்து வரவில்லை என முறையிடும் சுவைஞன், அவ்விரைவின் விலையை எவர் கொடுப்பார் என எண்ணுதல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. விழுக்காடும் வருவாயும் விருதும் ஏற்பின் அடையாளங்களேயன்றி மதிப்பீடு ஆகா. எண்ணைக் காண்போர் அது எதனை அளக்கின்றது என வினவுதல் வேண்டும். திறனாய்வாளர் வடிவத்தின் புதுமையைப் போற்றியபோது, இளஞ்சுவைஞர் ‘நீ உரியவன் அல்லன்’ என்று ஒதுக்கப்பட்டவனின் துணிவில் தம்மையே கண்டனர். இரண்டும் ஒரே படைப்பின் இரு முகங்கள். மூன்றாவதாக, ஒரு படைப்பை முழுமையாக மதிப்பிடுவோர் திரையில் தோன்றும் அழகோடு, அதனை வரைந்த கைகளின் அயர்ச்சியையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும். மாணவர் தாம் விரும்பும் படைப்புகளை இம்மூன்று நோக்கிலும் ஆராயப் பழகுவாராயின், சுவைஞர் என்னும் நிலையினின்று திறனாய்வாளர் என்னும் நிலைக்கு உயர்வர் என்பது உறுதி.