மழைமானி மட்டும் வறட்சியைச் சொல்லாது

ராயக்கோட்டை மேட்டு நிலங்களில் தக்காளியும் கேழ்வரகும் பயிரிடுவோர், பெய்த மழையை வைத்தே வறட்சியைக் கணிப்பது வழக்கம். வழக்கமான மழையில் 25 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் வறட்சி என்பதே வானிலைத் துறையின் கணக்கும். 2016-ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அப்படிப்பட்ட ஆண்டில் நுணுக்கமான கணக்கு எதற்கு? மழை ஐந்தில் ஒரு பங்கே குறைந்தும் பயிர் வாடும் ஆண்டில்தான் சிக்கல். அப்போது வந்த நீரோடு போன நீரையும் எண்ணியாக வேண்டும்.

மண்ணிலிருந்து ஆவியாகும் நீரும் இலை வழியே வெளியேறும் நீரும் சேர்ந்ததே பயிரின் நீர்ச்செலவு. இதைக் கணிக்க 1948-ல் அமெரிக்க அறிஞர் தார்ன்த்வெயிட் வகுத்த முறைக்கு வெப்பநிலையும் பகல் நேரமும் போதும். எளிய முறைதான், ஆனால் காற்றை அது கண்டுகொள்வதில்லை. ஆடியில் வெயில் தணிந்திருந்தாலும் அம்மியைப் பறக்கடிக்கும் காற்று நிலத்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும். அந்த இழப்பு இம்முறையில் சேராது. வெப்பம் கூடிய ஆண்டுகளிலோ வறட்சியை மிகைப்படுத்திக் காட்டவும் கூடும்.

அதே 1948-ல் இங்கிலாந்தின் பென்மன், வெயில், வெப்பம், காற்று, ஈரப்பதம் நான்கையும் சேர்த்துக் கணக்கிட்டார். இதன் திருத்திய வடிவமான பென்மன்-மான்டீத் முறையையே ஐ.நா. உணவு, வேளாண்மை நிறுவனம் 1998-ல் பரிந்துரைத்தது. நம்பகமானது, ஆனால் கருவிகள் பல வேண்டும்.

விவசாயிக்குக் கைகொடுப்பது ஆவிமானித் தொட்டி. சுமார் 4 அடி அகலம், 10 அங்குல ஆழம். மர நிழல் படாத வெட்டவெளியில் வைத்து, காக்கையும் நாயும் குடிக்காதபடி கம்பிவலை போட வேண்டும். தினமும் குறையும் நீரை அளந்து 0.7-ஆல் பெருக்க வேண்டும்.

உதாரணமாக, ஒரு வாரத்தில் தொட்டியில் 42 மி.மீ. குறைந்தால் கணக்கு 29 மி.மீ. காய்க்கும் தக்காளிக்கு இதை 1.15-ஆல் பெருக்கினால் தேவை 34 மி.மீ. ஓடிப்போனது போக மண்ணில் நின்ற மழை 20 மி.மீ. என்றால் பற்றாக்குறை 14 மி.மீ.; ஏக்கருக்குச் சுமார் 56,000 லிட்டர். அடுத்த வயலில் அப்போதுதான் முளைத்த கேழ்வரகுக்குப் பெருக்கும் எண் 0.3 மட்டுமே, 9 மி.மீ. போதும். அதே மழை அங்கே மிச்சம்.