பத்துக்கு ஒரு மார்க்

1941ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'சிட்டிசன் கேன்' என்று ஒரு படம் வெளிவந்தது. அதை இயக்கி முக்கிய வேடத்திலும் நடித்த ஆர்சன் வெல்சுக்குப் படம் எடுத்தபோது வயது 25. 'சைட் அண்ட் சவுண்ட்' என்னும் பிரிட்டிஷ் இதழ் பத்தாண்டுக்கு ஒரு முறை திரைப்பட விமர்சகர்களிடம் வாக்கெடுப்பு நடத்துகிறது. 1962 முதல் 2002 வரை நடந்த ஐந்து வாக்கெடுப்புகளிலும் முதலிடம் இந்தப் படத்திற்குத்தான். அரை நூற்றாண்டுக் காலம் உலகின் தலைசிறந்த படம் என்று பேர் வாங்கிய படம்!

இதே படத்திற்குப் பத்துக்கு 1 மார்க் போட்டவர்களும் இருக்கிறார்கள். ஒருவர் இருவர் அல்லர். பழம்பெரும் படங்கள் எதை எடுத்துக்கொண்டாலும் இப்படி ஒரு கூட்டம் உண்டு.

"ரசனை இல்லாதவர்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் நான் இயற்பியல் பாடம் நடத்துகிறவன். தனி ஊசல் சோதனையில் ஒத்துவராத அளவீட்டை ரப்பரால் அழித்துவிட்டு, பக்கத்து மேசையைப் பார்த்து எழுதும் மாணவனைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அழிக்கும் முன் அந்த அளவீடு எப்படி வந்தது என்று கேட்க வேண்டாமா? படத்திற்குப் போடும் மார்க்கும் ஓர் அளவீடுதான். அதையும் அப்படியே கேட்டுப் பார்ப்போம்.

முதலில் ஒரு பழைய சோதனை. மூன்று பாத்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கை பொறுக்கும் அளவு வெந்நீர், ஒன்றில் குளிர்ந்த நீர், நடுவில் உள்ளதில் வெதுவெதுப்பான நீர். வலக்கையை வெந்நீரிலும் இடக்கையை குளிர்ந்த நீரிலும் ஒரு நிமிடம் வைத்திருந்து, பிறகு இரண்டையும் ஒன்றாக நடுப் பாத்திரத்தில் விடுங்கள். வலக்கைக்கு அந்த நீர் சில்லென்று இருக்கும், இடக்கைக்குச் சுடும். நீர் ஒன்றே, கைகளும் உங்களுடையவையே! 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். நம் தோல் வெப்பநிலைமானி அன்று. தான் ஏற்கெனவே இருந்த நிலையிலிருந்து எவ்வளவு மாறுகிறது என்பதையே அது பெரிதும் உணர்கிறது.

"உலகிலேயே சிறந்த படம்" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டுப் பிறகு படம் பார்க்க உட்காருகிறவர், வெந்நீரில் கையை வைத்திருந்தவர். சாதாரணமாக 6 போட்டிருக்கக் கூடியவர்கூட ஏமாற்றத்தில் 2 போடுவார். எந்தப் புகழும் இல்லாத படத்தை மழைக்கு ஒதுங்கிப் பார்க்க நேர்ந்தவர் அதே 6 தகுதியுள்ள படத்திற்கு 8 போடுவார்.

இனி ஒளியியல் பக்கம் வருவோம். 'சிட்டிசன் கேன்' படத்தின் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட். கேமராவுக்கு அருகில் இருப்பவரும் தொலைவில் இருப்பவரும் ஒரே சமயத்தில் தெளிவாகத் தெரியும்படி பல காட்சிகளை எடுத்தார். லென்சின் துளையைச் சிறிதாக்கினால் தெளிவாகத் தெரியும் ஆழம் கூடும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். ஆனால் துளை சிறிதானால் உள்ளே புகும் ஒளி குறையும். அதை ஈடுகட்டப் பலத்த விளக்குகளும், குறைந்த ஒளியிலும் பதியும் படச்சுருளும் வேண்டும். அகன்ற கோண லென்சும் இதற்கு உதவும். இவற்றையெல்லாம் டோலண்ட் சேர்த்துப் பயன்படுத்தினார். தாழ்ந்த கோணத்திலிருந்து எடுக்கும்போது அறையின் கூரையும் தெரியும் அல்லவா? அதற்காக அரங்குகளுக்குத் துணியால் கூரை கட்டி, அதற்கு மேலே ஒலிவாங்கியை மறைத்து வைத்தார்கள். இவற்றில் எதுவும் அதற்கு முன் யாரும் செய்யாதது என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரே படத்தில் இவ்வளவு துணிவோடு செய்தது அன்று பார்த்தவர்களுக்குப் புதுமை.

இன்று பார்க்கும் உங்களுக்கு அது புதுமையாகத் தெரியாது. எண்பது ஆண்டுகளாக எல்லாரும் அதைப் பின்பற்றி எடுத்துவிட்டார்கள். நண்பகலில் விண்மீன்கள் எங்கே போகின்றன? எங்கும் போவதில்லை. இரவில் வந்த அதே அளவு ஒளி பகலிலும் அவற்றிலிருந்து நம் கண்ணை வந்தடைகிறது. பின்னணி வானம் பிரகாசமாகிவிட்டதால் அவற்றைப் பிரித்துப் பார்க்க முடிவதில்லை, அவ்வளவுதான். "இதில் அப்படி என்ன இருக்கிறது?" என்று கேட்டு 1 போடுகிறவர் பொய் சொல்லவில்லை. அவர் பகலில் நின்று வானத்தைப் பார்க்கிறார்.

என் வகுப்பு மாணவி ஒருத்தி இந்தப் படத்திற்கு 1 போட்டுவிட்டுத் தோழிகளின் கேலிக்கு ஆளானாள். "எனக்கு அறிவு பத்தாதா சார்?" என்று கேட்டாள். "இன்னொரு தரம் பாரு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது ஒரு பதிலே அல்ல என்று பிறகுதான் தோன்றியது. மறுநாள் கூப்பிட்டு, எதில் பார்த்தாய் என்று கேட்டேன். பேருந்தில், ஜன்னலோர இருக்கையில், கைப்பேசியில்! படத்தில் ஓர் இடம் வருகிறது. அறைக்குள் தாய் தன் மகனைப் பிறர் பொறுப்பில் ஒப்படைக்கும் தாளில் கையெழுத்திடுகிறாள். எதுவும் அறியாத சிறுவன் வெளியே பனியில் விளையாடுவது தொலைவில் ஜன்னல் வழியே தெரிகிறது. அந்தக் காட்சியின் உயிரே அந்தச் சிறுவன்தான். 7 செ.மீ. உயரத் திரையில் அவன் சில மில்லிமீட்டர் அளவே இருப்பான். வெயிலும் திரையில் பட்டால்? "சின்னப் பையனா? ஜன்னல்ல யாரும் இல்லையே சார்" என்றாள். கல்லூரியில் விளக்கை அணைத்துப் பெரிய திரையில் போட்டுக் காட்டினோம். இந்த முறை 4 போட்டாள். கேனைத் தனக்குப் பிடிக்கவில்லை, அவன் யாரையும் நேசிக்கவில்லை என்றாள். எனக்கு அந்தப் படத்தின்மேல் மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் அந்த 4 நேர்மையான அளவீடு. அதைத் திருத்தச் சொல்ல எனக்கு உரிமையில்லை. முதலில் போட்ட 1 வேறு வகை. அது கருவியில் வந்த பிழை.

கருவிப் பிழை பழைய படங்களுக்கு நிறைய நேர்ந்திருக்கிறது. பேசாப் படக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்கு 16 படங்கள் என்ற அளவில் எடுக்கப்பட்டவை பல. பேசும்படம் வந்தபின் நொடிக்கு 24 என்று நிலையானது. 16இல் எடுத்ததை 24இல் ஓட்டினால் எல்லாம் ஒன்றரை மடங்கு விரைவாக நடக்கும். மணிக்கு 4 கி.மீ. நடப்பவர் 6 கி.மீ. நடப்பார். மேலிருந்து விழும் பொருளின் கதி என்ன? நேரம் மூன்றில் இரண்டு பங்காகக் குறைவதால், முடுக்கம் ஒன்றரையின் வர்க்கம், அதாவது 2.25 மடங்காகத் தெரியும். g = 9.8 என்பது 22 ஆகிவிடும்! பூமியில் எடுத்த படம் வேறு ஏதோ கோளில் நடப்பதுபோல் இருந்தால் சோகக் காட்சிக்கும் சிரிப்புத்தானே வரும்? அகலத்திரைப் படங்களின் கதையும் இதுவே. உயரத்தைப்போல் 2.35 மடங்கு அகலமுள்ள படத்தைப் பழைய தொலைக்காட்சியின் 1.33 மடங்கு திரையில் முழு உயரத்துக்குக் காட்டினால் நூற்றுக்கு 43 பங்கு காணாமல் போகும். பாதிப் படத்துக்குப் பாதி மார்க் போட்டால் யாரைக் குறை சொல்வது?

இன்னொரு வகை 1 உண்டு. அது கணக்குத் தெரிந்தவர்கள் போடுவது. ஒன்பது பேர் ஆளுக்கு 8 போட்டிருக்கிறார்கள். பத்தாமவர் மனத்தில் 6. அதையே போட்டால் சராசரி 7.8. "இவ்வளவு புகழ் இதற்கு ஆகாது" என்று வேண்டுமென்றே 1 போட்டால் சராசரி 7.3. ஆக, மிகைப்படுத்துகிறவருக்கு இழுக்கும் வலிமை அதிகம். பிடித்த படத்தை முதலிடத்துக்குத் தள்ளப் போட்டிப் படத்துக்கு 1 போடுவதும் இதே வித்தைதான்.

இதற்கு மருந்து 1907லேயே சொல்லப்பட்டுவிட்டது. இங்கிலாந்தின் பிளிமத் நகரக் கண்காட்சியில் ஒரு காளையை நிறுத்தி, வெட்டிச் சுத்தம் செய்தபின் அது எவ்வளவு எடை இருக்கும் என்று ஊகிக்கும் போட்டி நடந்தது. பிரான்சிஸ் கால்ட்டன் அந்தச் சீட்டுகளை வாங்கி, செல்லத்தக்க 787 ஊகங்களை ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் நிற்பதைப் பார்த்தார். அது 1207 பவுண்டு. உண்மை எடை 1198 பவுண்டு. பிழை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை! சராசரியை எடுத்தால் அபத்தமாக ஊகிப்பவருக்கு அதிகச் செல்வாக்குக் கிடைத்துவிடும் என்பதால் இடைநிலை அளவே நல்லது என்று 'நேச்சர்' இதழில் அவர் வாதிட்டார். நம் பத்துப் பேர் கணக்கில் பத்தாமவர் 6 போட்டாலும் 1 போட்டாலும் இடைநிலை 8தான். பொய் சொல்லி லாபமில்லை.

ஆனால் காளைக்கு எடை உண்டு. தராசில் ஏற்றிச் சரிபார்க்கலாம். படத்தை எந்தத் தராசில் ஏற்றுவது? ஹிட்ச்காக்கின் 'வெர்ட்டிகோ' 1958இல் வந்தபோது விமர்சகர்களிடம் கலவையான வரவேற்புத்தான் பெற்றது. 1982 வாக்கெடுப்பில் முதல் பத்துக்குள் வந்தது. 2012இல் 'சிட்டிசன் கேன்' படத்தையே கீழிறக்கி முதலிடம் பிடித்தது. 2022இல் அதையும் தள்ளிவிட்டு, பெல்ஜியத்தைச் சேர்ந்த ஷாந்தால் ஆக்கர்மன் 1975இல் எடுத்த 'ழான் தீல்மன்' மேலே வந்தது. படச்சுருளில் ஓர் அணுகூட மாறவில்லை, பார்க்கிறவர்கள் மாறினார்கள். 1958இல் 'வெர்ட்டிகோ'வுக்குக் குறைந்த மார்க் போட்டவரின் தாளை யாராவது பிழை என்று கிழித்தெறிந்திருந்தால், இந்த மாற்றம் நடந்ததே நமக்குத் தெரிந்திராது.

உங்கள் வகுப்பில் ஒரு பழைய படத்தைத் திரையிட்டுப் பாருங்கள். பாதிப் பேரிடம் படத்தின் புகழை முன்கூட்டியே சொல்லுங்கள். மீதிப் பேரிடம் பெயரைத் தவிர எதுவும் சொல்லாதீர்கள். ஒருவர் போடுவதை மற்றவர் பார்க்காதபடி மார்க்கைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். இரு குழுக்களுக்கும் தனித்தனியே சராசரியும் இடைநிலையும் காணுங்கள். சீட்டின் பின்புறம் அவரவர் திரையிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தார் என்பதையும் மறக்காமல் எழுதச் சொல்லுங்கள்.